ஐந்தாவது ஈட்டில் சிறுத்த உருண்டைகள்: பெல்லட் அளவு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்னிந்தியாவில் உள்ள ஓர் ஒப்பந்த மருந்து உற்பத்திக்கூடத்தில் நடந்தது இது. பெயரும் ஊரும் இங்கே தேவையில்லை. கேப்ஸ்யூலில் அடைக்கும் பெல்லட், அதாவது மருந்துச் சிற்றுருண்டை, ஒன்றை அங்கே புதிதாக எடுத்திருந்தோம். 30 சதவீதம் மருந்து, மீதி மைக்ரோகிரிஸ்டலின் செல்லுலோஸ். கூடத்தில் எல்லோர் வாயிலும் எம்.சி.சி. நீர் விட்டுப் பிசைந்து, 1 மி.மீ. துளையுள்ள திரை வழியாகப் பிழிந்து, சுழலும் தட்டில் உருட்டி, காற்றுப் படுகையில் உலர்த்திச் சலித்து எடுக்க வேண்டும். இடியாப்பம் பிழிந்த கைக்கு முதல் பாதி புதிதல்ல. பிழிந்த நூலை ஸ்பிரோனைசர் தட்டில் போட்டு உருண்டையாக்கும் இரண்டாம் பாதியில்தான் வேலை இருக்கிறது.

தேவையான அளவு 16 மெஷ் சல்லடையில் இறங்கி 20 மெஷ் சல்லடையில் நிற்பது, அதாவது 1.18 மி.மீ.க்கும் 0.85 மி.மீ.க்கும் நடுவே. இந்த எல்லை சும்மா வைத்ததல்ல. உருண்டைகளின் மேல் அடுத்துப் பூச்சு ஏறுகிறது. ஒரே எடையில் 0.85 மி.மீ. உருண்டைகளின் மேற்பரப்பு 1.18 மி.மீ. உருண்டைகளுடையதைவிட ஏறக்குறைய 39 சதவீதம் அதிகம். அதே அளவு பூச்சைத் தெளித்தால் சிறியதில் படலம் மெலிந்துபோகும், மருந்து சீக்கிரம் வெளியேறிவிடும்.

ஆய்வகத்தில் 250 மி.மீ. தட்டு, நிமிடத்துக்கு 1000 சுற்று, 4 நிமிடம். உற்பத்தியில் 700 மி.மீ. தட்டு. விளிம்பு வேகம் இரண்டிலும் ஒன்றாக, நொடிக்கு 13 மீட்டர் அளவில், இருக்கட்டும் என்று 360 சுற்று வைத்தோம். வழக்கமான கணக்குத்தான். ஆனால் வேகம் ஒன்றானாலும் மைய விலக்கு விசை ஒன்றாகாது. சிறிய தட்டின் விளிம்பில் அது புவியீர்ப்பைப்போல் 140 மடங்கு, பெரிய தட்டில் சுமார் 50 மடங்கு. அதனால் பெரிய தட்டில் உருண்டை திரள நேரம் கூடுதலாகத் தேவைப்பட்டது, 8 நிமிடம் என்று முடிவானது.

சோதனை பேட்ச்கள் 12 கிலோ. தட்டில் இரண்டு ஈடாக, அதாவது இரண்டு தடவையாகப் போட்டு, உருட்டினோம். இரண்டிலும் விளைச்சல் 90 சதவீதத்துக்கு மேல். வணிக பேட்ச் 30 கிலோ என்று கையெழுத்தானது. 22 லிட்டர் நீர், 52 கிலோ ஈரக் கலவை, ஐந்து ஈடு. ஒரு ஈடு போட்டு எடுத்து, தட்டைச் சுரண்டி, அடுத்ததை ஏற்ற 25 நிமிடம் ஆகும். சோதனையில் கலவை ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட்டது. இங்கே கடைசிப் பிடி தட்டுக்கு வர இரண்டு மணி நேரம். இந்த வித்தியாசம் அப்போது யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும்தான்.

கண்டது

முதல் வணிக பேட்ச்சில் முதல் ஈடு 92 சதவீதம் தேறியது. ஐந்தாவது 71. மீதியில் பெரும்பகுதி 20 மெஷ்ஷுக்குக் கீழே இறங்கிய பொடியும் சிறு உருண்டைகளும், அதோடு இரு முனை பருத்து இடை சிறுத்த, நாங்கள் டம்பெல் என்று சொல்லும் வடிவங்கள். இரண்டாவது பேட்ச்சிலும் அதே சரிவு. ஐந்தாவது ஈடு 66.

மூன்றாவது பேட்ச்சில் நேர்மாறானது நடந்தது. ஐந்தாவது ஈட்டில் மூன்றில் ஒரு பங்கு 16 மெஷ் மேலேயே நின்றுவிட்டது. சில உருண்டைகள் மிளகைவிடப் பெரியவை. காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. கலவை வறண்டு தெரிந்ததால் கைத்தெளிப்பானில் 200 மில்லி அளவு நீரைத் தட்டின் மேல் அடித்ததாக எந்திரத்தை இயக்கியவர் தானாகவே சொன்னார். இரண்டு நிமிடத்தில் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவர் மறைக்காமல் சொன்னதால்தான் இந்த ஆய்வு ஒழுங்காகப் போனது. அதைப் பதிவிலும் எழுதினோம்.

அளவு எங்கே தீர்மானமாகிறது

மேலே போவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. கூட்டத்தில் இதை வெள்ளைப் பலகையில் போட்ட பிறகுதான் பேச்சு திசைக்கு வந்தது.

தட்டில் விழுந்த நூல் முதல் அரை நிமிடத்தில் துண்டு துண்டாக முறிகிறது. 1 மி.மீ. தடிமனுள்ள நூல் 1 மி.மீ. நீளத்தில் முறிந்தால் அந்தத் துண்டு 1.14 மி.மீ. உருண்டையாகும். உலரும்போது எங்கள் கலவை விட்டத்தில் 12 சதவீதம் சுருங்கியது, ஆக முடிவில் 1.0 மி.மீ. எல்லைக்கு நடுவே அழகாக உட்கார்ந்துவிடும். நூல் வறண்டு அரை மி.மீ. நீளத்திலேயே முறிந்தால்? ஈரத்தில் 0.91, உலர்ந்ததும் 0.80. 20 மெஷ்ஷில் நேரே கீழே இறங்கிவிடும். மறுபக்கம், 1.0 மி.மீ. ஆகவேண்டிய இரண்டு உருண்டைகள் ஈரத்தில் ஒட்டிப்போனால் 1.26. அது 16 மெஷ்ஷில் நின்றுவிடும். ஒரே ஒரு ஒட்டல் போதும்.

ஆக, அளவை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. நூல் எந்த நீளத்தில் முறிகிறது, முறிந்த பின் உருண்டைகள் ஒட்டுகின்றனவா இல்லையா. இரண்டுக்கும் அடியில் இருப்பது பதம். எம்.சி.சி. பஞ்சுபோல நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. திரையில் அழுத்தும்போது கொஞ்சம் வெளியே விடும், அழுத்தம் போனதும் திரும்ப இழுத்துக்கொள்ளும். வெளியே வந்த அந்த மெல்லிய ஈரம்தான் துளைச் சுவரில் வழுக்க உதவுகிறது, தட்டில் மடங்கி உருள இடம் கொடுக்கிறது. குறைந்தால் நூல் நொறுங்கும். மிஞ்சினால் மேற்பரப்பில் நின்று பசையாகிவிடும். கைத்தெளிப்பில் நடந்ததும் இதுதான். ஏற்கெனவே இறுகிய உருண்டைக்குள் நீர் போகவில்லை, மேலே பூசிக்கொண்டது. வறட்சிக்கு மருந்தென்று அடித்த நீர் வறட்சியைத் தொடவேயில்லை.

முதல் சந்தேகங்கள்

எல்லோரும் முதலில் பார்த்தது ஸ்பிரோனைசரைத்தான். உருண்டை அங்கேதான் உருவாகிறது, அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. தட்டின் குறுக்கு வெட்டுப் பள்ளங்கள் தேய்ந்துவிட்டன என்றது பராமரிப்புப் பிரிவு. அளந்தால் தேய்மானம் இல்லை. பள்ளங்களில் கலவை அடைந்து வழுக்குகிறது என்று இன்னொரு கருத்து. அதில் ஓரளவு உண்மை உண்டு, ஆனால் ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் சுரண்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அடுத்து வேகம். டம்பெல் வந்தால் வேகத்தைக் கூட்டு என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். என் பரிந்துரையில்தான் ஒரு சோதனை ஈட்டில் 430 சுற்று வைத்தோம். டம்பெல் குறைந்தது, பொடி ஏறியது. இப்போது யோசித்தால் வேறெப்படியும் நடந்திருக்காது. ஈரம் சரியாக உள்ள கலவையில் வேகம் கூடினால் உருண்டை நன்றாகத் திரளும், கொஞ்சம் பெருக்கவும் செய்யும். வறண்ட கலவையில் அதே வேகம் நூலை உடைத்துச் சிறுக்கச் செய்யும். வேகம் கூடினால் அளவு கூடுமா குறையுமா என்ற கேள்விக்கு, கலவையின் ஈரம் தெரியாமல் விடை கிடையாது. திருப்புவது ஒரே குமிழ், பலனோ இரண்டு திசையில்.

எம்.சி.சி. லாட், அதாவது வரவுத் தொகுதி, மாறியதையும் தரப்பிரிவு சுட்டிக்காட்டியது. முந்தைய லாட்டில் ஈரம் 4.8 சதவீதம், புதியதில் 3.2. இரண்டுமே 7 சதவீத மேல்வரம்புக்குள். பேட்ச்சுக்கு 21 கிலோ எம்.சி.சி., ஆக வித்தியாசம் சுமார் 340 கிராம் நீர். ஈரக் கலவையில் இது 0.65 சதவீதப் புள்ளி. ஒதுக்கித் தள்ள முடியாத அளவுதான். ஆனால் லாட்தான் காரணம் என்றால் முதல் ஈடும் கெட்டிருக்க வேண்டுமே! முதல் ஈடு 92 சதவீதம் தேறிய பிறகு அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டோம்.

ஈரத்தைப் பின்தொடர்தல்

பேட்ச் பதிவேட்டில் நீர் என்ற வரியில் 22 லிட்டர் என்று இருந்தது. ஊற்றிய நீர் அது. தட்டுக்கு வந்து சேர்ந்த நீர் எவ்வளவு என்று எந்த வரியும் கேட்கவில்லை. நான்காவது பேட்ச்சை ஆய்வுக்கென்றே ஓட்டினோம். பிசைந்து இறக்கியதும் ஒரு மாதிரி, தொட்டியிலிருந்து எக்ஸ்ட்ரூடருக்கு, அதாவது பிழியும் எந்திரத்துக்கு, அள்ளும்போது ஒன்று, நூலாக வெளியே வரும்போது ஒன்று, தட்டிலிருந்து இறக்கியதும் ஒன்று. ஐந்து ஈட்டுக்கும் இப்படியே எடுத்து 105 டிகிரியில் எல்.ஓ.டி., அதாவது உலர்த்தும்போது குறையும் எடையின் சதவீதம், பார்த்தோம்.

இறக்கியபோது 44.0 சதவீதம். முதல் ஈட்டில் நூல் 43.6, தட்டிலிருந்து இறக்கியது 43.0. ஐந்தாவது ஈட்டில் தொட்டியிலேயே 42.7, நூல் 41.2, இறக்கும்போது 39.5. நாலரைப் புள்ளி என்றால் தாளில் சின்ன எண்ணாகத்தான் தெரியும். 10 கிலோ கலவைக்கு அது முக்கால் லிட்டர் நீர்.

இழப்பு ஒரே இடத்தில் நடக்கவில்லை. மூன்று இடத்தில் பங்கு போட்டுக்கொண்டு நடந்தது.

தொட்டி சுலபமாகப் புரிந்தது. மூடி திறந்தே கிடந்தது, அறையில் 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம், மேலே குளிர்காற்றுத் துவாரம். அதே கலவையை இரட்டைப் பாலித்தீன் பையில் கட்டி இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தோம், 43.8. காத்திருத்தலைவிடத் திறந்து கிடந்ததுதான் குற்றவாளி.

எக்ஸ்ட்ரூடரில் வெப்பம். திரையைக் கைவெப்பமானியால் பார்த்தால் தொடக்கத்தில் 26 டிகிரி, ஐந்தாவது ஈட்டில் 41. ஈடுகளுக்கு நடுவே எந்திரத்தை நிறுத்தும்போது திரைக்குப் பின்னால் அழுந்தி நிற்கும் கலவை அந்தச் சூட்டில் காய்கிறது. மறுபடி ஓட்டும்போது முதலில் வரும் நூலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேல்தோல் சொரசொரவென்று, சுறாத்தோல் என்று சொல்வார்களே, அப்படி. வளைத்தால் வளையாமல் பட்டென்று முறிந்தது. முதல் ஈட்டு நூல் விரலில் சுற்றிக்கொள்ளும்.

காற்று வால்வு

மூன்றாவது இடம்தான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. தட்டிலேயே 1.7 புள்ளி போகிறது, முதல் ஈட்டில் 0.6தான். அதே 8 நிமிடம், அதே 360 சுற்று. பின் ஏன்?

ஸ்பிரோனைசர் தட்டுக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. அதில் பொடி இறங்கிவிடாமல் கீழிருந்து அழுத்தக் காற்று வரும். அந்தக் காற்று ஈரம் நீக்கிய காற்று. எந்திரத்தின் பின்பக்கம் ஒரு சாதாரண வால்வு, அளவுமானி இல்லை, பதிவேட்டில் இடமும் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது பாதிக்கு மேல் திறந்திருந்தது. கேட்டதற்கு எந்திரத்தை இயக்குபவர் சொன்னார்: “அஞ்சாவது வரும்போது பொடி நிறைய இறங்குது சார். காத்தைக் கொஞ்சம் கூட்டி வெச்சா இறங்காது.”

அவர் சொன்னது சரி, இறங்காதுதான். ஆனால் கூட்டிய காற்று தட்டிலிருந்த கலவையை இன்னும் உலர்த்தியது, உலர்ந்தது இன்னும் பொடித்தது, பொடிக்கு மறுபடி காற்றைக் கூட்ட வேண்டி வந்தது. விளைவைச் சமாளிக்கத் திறந்த வால்வு காரணத்துக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தது. கால் பங்கு திறப்பில் ஓர் ஈட்டை ஓட்டிப் பார்த்ததும் தட்டில் இழப்பு பழையபடி 0.6க்கு வந்துவிட்டது. கூடத்தில் எல்லா எண்களையும் இருவர் கையெழுத்திட்டுப் பூட்டி வைத்திருந்தோம். அளவைத் திருப்பிக்கொண்டிருந்த கைப்பிடிக்கு எண்ணே கிடையாது.

எடுத்த முடிவுகள்

பிசைவதை இரண்டாகப் பிரித்தோம், 18 கிலோ முதலில், 12 கிலோ பிறகு. மூன்று ஈடு, இரண்டு ஈடு. சமமாக 15, 15 என்று பிரித்தால் ஈட்டின் சுமை மாறும், சுமை மாறினால் அளவு மாறும், அது புதிய தலைவலி. 12 கிலோ ஏற்கெனவே சோதித்த அளவு என்பது இன்னொரு வசதி. 18க்கு மட்டும் பிசையும் நேரத்தைப் புதிதாக நிர்ணயித்தோம். கலவையைப் பையில் கட்டி மூடிய தொட்டியில்தான் வைக்க வேண்டும் என்றானது.

எக்ஸ்ட்ரூடர் உறையில் குளிர்நீர் விட இணைப்பு முன்பே இருந்தது, யாரும் பயன்படுத்தவில்லை. காற்று வழியில் ரோட்டாமீட்டர் பொருத்தி, ஓட்ட அளவைப் பதிவேட்டில் ஏற்றினோம். ஒவ்வொரு ஈட்டிலும் நூலின் எல்.ஓ.டி. 42.8 முதல் 44.2க்குள் இருந்தால்தான் தட்டில் ஏற்றுவது. குறைந்தால் நிறுத்தித் தரப்பிரிவைக் கூப்பிட வேண்டும், நீர் சேர்க்கக் கூடாது. கைத்தெளிப்பான் அறையை விட்டே வெளியேறியது.

செய்யாமல் விட்டதும் ஒன்று உண்டு. எம்.சி.சி. லாட்டின் ஈரத்தைப் பார்த்து நீரைக் கூட்டிக் குறைக்கலாம் என்று நான் கேட்டேன். தரப்பிரிவு ஒப்பவில்லை. மற்ற இழப்புகளை அடைத்துவிட்டால் 0.65 புள்ளி வரம்புக்குள் அடங்கும், எதற்கு இன்னொரு மாறி என்றார்கள். அவர்கள் சொன்னதே சரியாக இருந்தது.

முதல் இரண்டு பேட்ச்களில் சலித்துத் தேறியவை கரைவுச் சோதனையில் சரியாக வந்தன. விலகல் அறிக்கையோடு, குறைந்த விளைச்சலில் விடுவித்தோம். மூன்றாவதன் பெரிய உருண்டைகளை அரைத்து அடுத்த பேட்ச்சில் சேர்க்கலாமா என்ற பேச்சு எழுந்தது. அனுமதி பெற்ற செய்முறையில் அது இல்லை. தவிர, ஒருமுறை நனைந்து உலர்ந்த எம்.சி.சி. நீரைப் பழையபடி பிடிக்காது. தெளித்த நீரும் செய்முறையில் இல்லாதது என்பதால் அந்த ஈட்டை முழுக்க அழித்தோம்.

தொடர்ந்து நடந்தது

திருத்திய முறையில் முதல் ஓட்டமே சறுக்கியது. குளிர்நீரை 10 டிகிரியில் வைத்திருந்தோம். குளிர்ந்தால் நல்லதுதானே என்ற எண்ணம். பொடி இல்லை, டம்பெல் இல்லை, ஆனால் அங்கங்கே பெரிய உருண்டைகள். எங்கிருந்து நீர் என்று தேடினால், எக்ஸ்ட்ரூடர் முகப்பின் வெளிப்புறம் வியர்த்து, திரையின் கீழ்விளிம்பில் சொட்டு சேர்ந்து நூலின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அந்த அறையின் பனிநிலை 13 டிகிரிக்குப் பக்கம். பள்ளிக்கூடப் பாடம். நீரை 16 டிகிரிக்கு உயர்த்தினோம், வியர்வை நின்றது. திரையின் வெப்பம் கடைசி ஈட்டிலும் 30ஐத் தாண்டவில்லை.

அடுத்த மூன்று பேட்ச்களில் எல்லா ஈடுகளும் 88 முதல் 92 சதவீதத்துக்குள் வந்தன. ஐந்தாவது ஈட்டின் நூல் 43க்குக் கீழே போகவில்லை. வேகம் 360ஆகவே இருந்தது. தட்டில் நேரம் மட்டும் 8லிருந்து 7 நிமிடமானது. ஈரம் சரியாக இருந்தபோது கடைசி நிமிடத்தில் உருண்டைகள் மினுமினுக்க ஆரம்பித்தன, அது ஒட்டலுக்கு முந்தைய அறிகுறி.

சில மாதம் கழித்து ஓர் இரவுப் பணியில் ஐந்தாவது ஈட்டு நூல் 42.3 காட்டியது. நிறுத்திப் பார்த்தார்கள். குளிர்நீர்க் குழாயின் வடிகட்டி அடைத்திருந்தது, திரை 38 டிகிரி. அந்த ஈட்டைத் தட்டில் ஏற்றாமலே ஒதுக்கினார்கள், மற்ற நாலும் தேறின. பேட்ச்சின் மொத்தக் கணக்கில் அது குறைதான், ஆனால் என்ன குறை, எங்கே குறை என்று அன்றிரவே தெரிந்துவிட்டது.

மாற்றிச் செய்வதென்றால்

சோதனை பேட்ச்சை இரண்டு ஈட்டோடு நிறுத்தியிருக்கக் கூடாது. மருந்து விலை அதிகம் என்று 12 கிலோவோடு முடித்தோம். முழு 30 கிலோ கட்டுப்படியாகாது என்றால்கூட, அந்தக் கலவையில் கடைசிப் பிடியை இரண்டு மணி நேரம் வைத்திருந்து உருட்டிப் பார்த்திருக்கலாம். செலவில்லாத சோதனை.

430 சுற்று வைத்த ஈட்டில் வேகத்தைத் தொடும் முன் நூலை ஒருமுறை வளைத்துப் பார்த்திருக்க வேண்டும், அரை நிமிட வேலை. இப்போது புதிய பெல்லட் எது வந்தாலும், ஊற்றிய நீருக்குப் பக்கத்தில் நூலின் எல்.ஓ.டி.க்கும் ஒரு கட்டம் வரைந்துதான் பதிவேட்டைத் தொடங்குகிறோம். காற்று வால்வுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது.